பன்னிரண்டு முழம் கேபிளும் மஞ்சள் துணியும்

வைகாசி 9, ஞாயிறு

காலை ஏழுக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. கத்திரி முடிய இன்னும் ஐந்து நாள். பாலுக்கு உறை ஊற்ற மறந்தேன். நாளைக்கு மோர் இல்லை.

இது மகளிர் குழுக் கூட்டம் எழுதுகிற நோட்டு. பின்பக்கம் சும்மா கிடக்கிறது, அதனால் இதில். முன்பக்கத்தையே யாரும் படிப்பதில்லை, பின்பக்கத்தையா படிக்கப் போகிறார்கள். மனசில் இருப்பதைக் கொட்ட ஓர் இடம் வேண்டும். வாயால் கொட்டினால் ஊர் முழுக்கப் போய்விடுகிறது.

உப்பள மேஸ்திரி கோவிந்தன் வந்தார். (இனி மே. என்றுதான் எழுதுவேன். முழுப் பெயருக்கு மை வீண்.) வாசலில் நின்றபடியே பேச்சு. தண்ணீர்கூட வாங்கவில்லை.

“தனம்மா, ஒரு வாரம் டைம். அடுத்த திங்கக்கெழம நானே உங்க வண்டில ஏறி ஒக்காருவேன். மோட்டார் ஷெட்டுலருந்து முனியம்மா பேசறது ரோட்டு குடோனாண்ட எனக்குக் கேக்கணும். கேட்டா சரி. கேக்கலன்னா லோடு வேற லாரிக்குப் போவுது.”

“கேக்கும்.”

“இப்ப எதுவரைக்கும் கேக்குது?”

 இரண்டாவது மதகு தாண்டினால் கரகர சத்தம்தான். அவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே போனார்.

லோடு போனால் வண்டியும் போகும். வண்டி போனால் என்ன ஆகும் என்று இங்கே எழுதி வைக்கிறேன், ஆத்திரம் ஆறிவிடாமல் இருக்க. கடைசிப் பாத்தியில் பதினொரு பெண்கள். அங்கே போனில் டவர் எடுக்காது. போன வருஷம் இதே வைகாசி, முனியம்மா உச்சி வெயிலில் பாத்திக்குள்ளேயே விழுந்தாள். சாக்கைப் பிரித்து அதில் கிடத்தி வரப்பு மேல் நாலு பேர் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தோம். நான் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். பிழைத்தாள். இப்போதும் ஐந்து நிமிஷம் வெயிலில் நின்றால் தலை சுற்றுகிறது அவளுக்கு. உப்பு வார முடியாது.

அதற்குப் பிறகுதான் குழு வண்டியைப் பகல் முழுக்க அங்கேயே நிறுத்தினோம். குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி. அண்ணன் மகள் செல்விதான் ஓட்டுகிறாள். மே.க்கு அது பொறுக்கவில்லை. “பொம்பளைங்களுக்குக் காவலா வண்டி? லோடு யாரு அடிக்கறது?” சரி, லோடும் அடிக்கிறோம், கூப்பிட்டால் திரும்பியும் வருகிறோம் என்று சொல்லித்தான் இரண்டு வயர்லெஸ் செட்டு வாங்கினோம். ஒன்று மோட்டார் ஷெட்டில், முனியம்மா நிழலில் உட்கார்ந்து பேசுகிறாள். இன்னொன்று வண்டியில். லைசென்ஸ் தேவைப்படாத சின்ன செட்டு.

அந்தச் செட்டு இப்போது என் மானத்தை வாங்குகிறது.

கேட்கும் என்று சொல்லிவிட்டேன். கேட்க வைப்பேன்.


வைகாசி 10, திங்கள்

கூனிமேடு போனேன், அன்வர் பாயிடம். செட்டு விற்றவர் அவர்தான். மீன்பிடி போட்டுகளுக்கு செட்டு மாட்டுவது, மிக்ஸி, ஃபேன், எல்லாம் ஒரே கடையில். பஸ்ஸில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தது: “ஆரோவில்லுக்கு வேலைக்குப் போயி ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கினாடி. இப்ப புருசன பின்னாடி ஏத்திகினு போறா.” “அவன் என்னா சொல்றான்?” “மெதுவா போன்றான்.” சிரிப்பை அடக்க முடியவில்லை.

பாயிடம் எல்லாம் சொன்னேன். ஷெட்டு செட்டு சரியாக இருக்கிறது, பக்கத்துப் போட்டுக்காரர்களுக்கெல்லாம் முனியம்மா குரல் கேட்கிறது. எங்கள் வண்டிக்குத்தான் கேட்கவில்லை, எங்கள் பேச்சும் போவதில்லை. பாய் ஒரே வார்த்தையில் முடித்தார்.

“கேபிள் பதினெட்டடி இருக்கணும்க்கா. செட்டுலருந்து ஆன்டெனா வரைக்கும். ஒரு இஞ்சு கொறஞ்சாலும் போற பேச்சு உள்ளயே சுத்தும். எனக்கு வேல கத்துக்குடுத்த உஸ்தாத் சொன்னது. நாப்பது வருஷம் போட்டுக்கு செட்டு போட்டவரு.”

பதினெட்டு! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பதினெட்டாம் படி. ஆடிப் பதினெட்டு. பதினெட்டுச் சித்தர். கடவுள் கணக்கில்லாமல் இந்த எண் வருமா. அப்படியானால் கேபிள்தான் குறைந்திருக்கிறது. கண்டுபிடித்தாயிற்று.

வீடு திரும்பியதும் செல்வியிடம் சொன்னேன்.

“அத்தே, வண்டிக்குள்ள ஏழெட்டு அடிதான் தேவப்படுது. மீதியெல்லாம் சீட்டுக்குப் பின்னால பாம்பு மாதிரி சுருண்டு கெடக்குது. வெட்டிக் கொறச்சிட்டா நல்லதுன்னு நான் நெனைக்கிறேன்.”

“பதினெட்டுல கைய வெச்ச, கைய ஒடைப்பேன்.”

நம்முடைய பக்கத்தில் குறையே கிடையாது. முறையாகத்தான் எல்லாம் செய்தேன். ஆன்டெனா ஏற்றின அன்று எலுமிச்சை, கற்பூரம். கேபினுக்குப் பின்னால் இருக்கிற இரும்பு பாரில் அம்மனுக்கு வேண்டிக்கொண்ட மஞ்சள் துணியைச் சுற்றி, முடிச்சில் ஒரு ரூபாய்க் காசு. அந்தத் துணி மேல்தான் ஆன்டெனா கிளாம்பை வைத்து முறுக்கினோம். காலடியில் அம்மன் இருக்கட்டும் என்று.

மே. திங்கட்கிழமை வைத்திருக்கிறார், வைகாசி 17. ஒரு நாள் தள்ளி வைத்திருந்தால் பதினெட்டு. கேட்டால் கொடுக்கவா போகிறார்.


வைகாசி 11, செவ்வாய்

காய்: அவரை. புளி தீர்கிறது. பல்வலி, இடப் பக்கம்.

கேபிளை வெளியே இழுத்துப் போட்டு முழம் போட்டேன். பதினெட்டு அடி என்றால் பன்னிரண்டு முழம். வந்தது பதினொன்றரை. பார்த்தாயா!

செல்வி: “ஒங்க முழம் பூக்காரி முழமா, வாங்கறவ முழமா?”

“இருபது வருஷமா கோயிலுக்கு மாலை கட்டற முழம்டி இது.”

பாய் டேப்போடு வந்தார். பதினேழு அடி மூணு அங்குலம். அவரே தலையாட்டினார். “முழம் கரெக்ட்டுக்கா.” செல்வி முகத்தைப் பார்க்கவேண்டுமே.

பாய் ஒரு மீட்டர் கொண்டுவந்தார். செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் மாட்டி, மைக்கை அழுத்தினால் முள் ஏறும். முள் ஒன்றில் நின்றால் பேச்சு முழுக்க வெளியே போகிறதாம். இரண்டு பரவாயில்லை. மூன்று என்றால் கால்வாசி திரும்பி வந்து செட்டையே சுடுமாம். எங்களுக்கு மூன்று.

அரை முழம் துண்டு ஒட்டு வைத்தார். பதினெட்டு அடி. சூடம் ஏற்றினேன். முள் இரண்டு! எனக்கு அழுகையே வந்தது. பாய், “நம்ம உஸ்தாத் பேச்சு தப்பாதுக்கா” என்றார். இருவருக்கும் டீ போட்டேன்.

சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு மதகுப் பக்கம். முதல் மதகு, முனியம்மா கணீர். இரண்டாவது மதகு, கரகர. தாண்டினால் ஒன்றும் இல்லை.

முன்பு எங்கே செத்ததோ அதே இடம்.

செல்வி வண்டியைத் திருப்பினாள். ‘நான் சொன்னேனே’ என்றிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.


வைகாசி 12, புதன்

காற்றே இல்லை. பாத்தியில் உப்பு கண்ணைக் கூசுகிறது.

முனியம்மா செட்டில் பேசும் அழகே தனி. பேசி முடித்தால் ‘ஓவர்’ சொல்லவேண்டும் என்று பாய் சொல்லிக் கொடுத்தார். மாட்டேன் என்கிறாள். “நான் என்னா கண்டக்டரா?” ஒவ்வொரு பேச்சு முடிவிலும் “அவ்ளோதான்” என்கிறாள். பொத்தானை விடுகிறாள். புரிகிறது அல்லவா, அது போதும்.

மே. உப்பு அம்பாரம் பக்கம் நின்று, காதில் விழும்படி யாரிடமோ: “அத்தைக்கு சாமியோட பேசவே செட்டு தேவையில்ல. மனுசனோட பேசத்தான் செட்டு எடுக்க மாட்டேங்குது.” எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் ராணியும் சிரித்தாள். குழுவிலேயே சின்னவள், வாயாடி. பிறகு என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் சொன்னேன், “திங்கக்கெழம அந்த சாமியே ஒங்க காதுல பேசும் மேஸ்திரி. காத கழுவிட்டு வாங்க.”

சொல்லிவிட்டேன்.

மறுபடி பாய். இன்னொரு துண்டு சேர்த்துப் பார்த்தோம், எடுத்துப் பார்த்தோம். எழுதி வைக்கிறேன்:

17 அடி 3 அங்குலம், முள் 3, இரண்டாம் மதகில் சாவு
18 அடி, முள் 2, இரண்டாம் மதகு
21 அடி, முள் 2½, இரண்டாம் மதகு
மறுபடி 18, முள் 2, இரண்டாம் மதகு, என் மண்டை வலி

“இன்னும் ரெண்டு இஞ்சு கொறச்சா முள்ளு எறங்கும்க்கா.”

“முள்ளு எறங்குது பாய். குரல் ஏறலியே.”

பாய் தாடியைத் தடவிக்கொண்டே மீட்டரைக் கழற்றினார்.


வைகாசி 13, வியாழன்

ஆரம்ப சுகாதார நிலையம் போனேன், பல்லுக்கு. பல் டாக்டர் வரவில்லை. சும்மா இருக்காமல் நர்ஸம்மா பிரஷர் பார்த்தார். உட்கார்ந்து ஒரு அளவு. எழுந்து நின்றால் வேறு. கையை மேலே தூக்கினால் இன்னும் குறைவு.

“எது நெசம்மா?” என்றேன்.

“ஒடம்பு ஒண்ணுதாம்மா. கைய எங்க வெச்சி அளக்கறோமோ அதுக்கேத்த மாதிரி மெஷின் காட்டும்.”

வீடு வரும் வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கேபிளை நீட்டினால் ஒரு முள், குறைத்தால் ஒரு முள். குரல் மட்டும் அதே இடத்தில் சாகிறது. அப்படியென்றால் கேபிளை நீட்டி நீட்டி நாங்கள் அளக்கிற இடத்தைத்தான் மாற்றுகிறோமா? வியாதி வேறு எங்கோ உட்கார்ந்து சிரிக்கிறதா?

செல்வியிடம் சொன்னேன். அவள், “அதத்தான் அத்தே, பதினெட்டுல ஒண்ணுமில்லன்னு மொத நாளே சொன்னேன்.”

“பதினெட்டுல ஒண்ணுமில்லன்னு சொல்லாத. கேபிள்ல ஒண்ணுமில்லன்னு சொல்லு.”

பெரிய சண்டை. அவள் சாப்பிடாமல் போனாள். அவளுக்கு வைத்த அவரைக்காயை நானே தின்றேன், பிடிவாதத்துக்கு.


வைகாசி 14, வெள்ளி

கத்திரி இன்றோடு முடிகிறதாம். வெயிலுக்குச் சொன்னார்களா தெரியவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை வண்டி கழுவும் நாள். பாரில் இருந்த மஞ்சள் துணி வெளுத்து, உப்பு பூத்து, அசிங்கமாக இருந்தது. புதுத் துணி கட்டலாம் என்று கிளாம்பைத் தளர்த்தி அதை உருவினேன். கீழே பாரில் பச்சை பெயின்ட், பெயின்ட் உரிந்த இடமெல்லாம் துரு. அம்மன் உட்காரும் இடம் இப்படியா இருப்பது. விளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் உப்பும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தேன். பெயின்ட் போகவில்லை, கத்தியால் சுரண்டினேன். இரும்பு பளபளவென்று வந்தது. துடைத்து, ஆன்டெனா சாயாமல் இருக்கக் கிளாம்பை அப்படியே அதன்மேல் முறுக்கி விட்டு, புதுத் துணி எடுக்க உள்ளே போனேன்.

திரும்பினால் செட்டில் முனியம்மா. காதுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி.

“...மோர்ல பெருங்காயம் போட்டா எனக்கு ஆவாது. அவ்ளோதான்.”

எங்கள் வீடு மதகு தாண்டி எவ்வளவு தூரம்! செல்வி மைக்கைப் பிடித்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தாள். சும்மா பழக்கத்தில் அழுத்தியிருக்கிறாள்.

“அத்தே, என்னா பண்ணே?”

“ஒண்ணும் பண்ணல. தேய்ச்சேன்.”

புதுத் துணியைச் சுற்றி அதன்மேல் கிளாம்பை முறுக்கினேன். முனியம்மா போய்விட்டாள். கரகர.

துணியை எடுத்தேன். முனியம்மா வந்தாள். “என்னாடி வெளையாடறீங்க?”

மறுபடி துணி. கரகர. மூன்று தரம் செய்தேன். மூன்று தரமும் அப்படியே.

படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆன்டெனாவின் காலுக்கும் வண்டி இரும்புக்கும் நடுவில் நான் துணியைத் திணித்து வைத்திருக்கிறேன். செருப்பு போட்டுக்கொண்டு கோயிலுக்குள் நிற்கிற மாதிரி, தரையில் காலே படாமல் நின்றிருக்கிறது அது. என் கையால். என் வேண்டுதலால்.

செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். “சாப்டியா அத்தே” என்றாள்.


அதே வெள்ளி, விளக்கு வைத்த பிறகு

துணியை எடுப்பது பாவமா என்று அம்மனிடமே கேட்டேன். நெடுநேரம் நின்றேன். உனக்கு மஞ்சள் துணி கட்டுகிறேன் என்றுதானே வேண்டினேன், இந்த இடத்தில் என்று நீ கேட்டாயா? இடம் நான் பிடித்தது. உன் பேரைச் சொல்லி நான் செய்த தப்பை உன் தலையில் போடமாட்டேன். ஆனால் இதைக் கேட்டு எவனாவது சாமியால்தான் செட்டு கெட்டது என்று சொன்னால் அவனையும் விடமாட்டேன்.

துணியை ஸ்டீரிங் பக்கத்துக் கண்ணாடியில் கட்டினேன். அங்கிருந்து ரோடும் தெரியும் அவளுக்கு.

பல்வலி போய்விட்டது. எப்போது போனது என்றே தெரியவில்லை.


வைகாசி 15, சனி

பாய் வந்தார். மீட்டர் மாட்டினார். அழுத்தினார். முள் ஒன்றரைக்குக் கீழே. எடுத்து மாட்டி மறுபடி அழுத்தினார். நம்பவில்லை.

துணி விஷயம் சொன்னேன். “பாடியில எர்த்தே படலியா!” என்று தலையில் அடித்துக்கொண்டார், தன் தலையில். “நான் ஏறிப் பாத்திருக்கணும்க்கா. சாமித் துணி, தொடக் கூடாதுன்னு விட்டுட்டேன்.” பாவம். மரியாதைக்காக விட்டிருக்கிறார்.

“இப்ப கேபிள வெட்டுங்க பாய். அந்தச் சுருள் காலுல மாட்டுது.”

“அக்கா! பதினெட்டு!”

“வெட்டுங்க. முள்ளு ஏறிச்சின்னா ஒட்டிக்கலாம்.”

“உஸ்தாத் சொன்னது...”

“நீங்க வெட்டுறீங்களா, நான் அருவாமனைல வெட்டட்டா?”

பிஸ்மி சொல்லிக்கொண்டே வெட்டினார். சீட்டுக்குப் பின்னாலிருந்து பார் வரைக்கும் ஐந்து முழம், மீதி ஏழு முழம் என் கையில். முனையில் புது பின் வைத்து ஈயம் பற்ற வைத்து மாட்டினார். முள் அதே இடம். ஒரு முடி அசையவில்லை.

பாய் மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உஸ்தாத் பொய் சொல்வாரா என்கிற வருத்தம் முகத்தில் தெரிந்தது. பிறகு அவரே மெதுவாக: “அக்கா, அவரு போட்டதெல்லாம் ஃபைபர் போட்டு. அதுல இரும்பே கெடயாது. எர்த்துக்கு வழியில்லாம அந்தக் கேபிளேதான் எர்த்து மாதிரி நிக்கும். அப்ப நீளம் கணக்குதான். ஒங்களுது இரும்பு வண்டி. நான்தான் போட்டுக்குச் சொன்னத வண்டிக்குக் கொண்டாந்துட்டேன்.”

“துணி இருந்தவரைக்கும் எங்க வண்டியும் ஃபைபர் போட்டு மாதிரிதான் நின்னிருக்குது பாய். அதான் நீட்டினா முள்ளு ஆடிச்சி.”

“ஆமாங்க்கா.” முகம் தெளிந்தது. உஸ்தாத் மானமும் பிழைத்தது.

ஏழு முழத்தைக் கொல்லையில் துணிக் கொடியாகக் கட்டிவிட்டேன். நன்றாகத் தாங்குகிறது.


வைகாசி 16, ஞாயிறு

வீட்டுக்காரர் வந்தார். பெரிய முதலியார்சாவடியில் வாட்ச்மேன் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. கொடியைப் பார்த்து, “இது என்னா, கருப்பா?” என்றார். கதை முழுக்கச் சொன்னேன். “துணி விசயத்த வெளில சொல்லாத, மேஸ்திரி விடமாட்டான்” என்றார்.

அதனாலேயே சொல்லவேண்டும் என்று தோன்றியது. நாளைக்கு யாரோ கண்டுபிடித்துச் சொல்லி நான் தலைகுனிவதா? சாயங்காலம் குழுக் கூட்டத்தில், பதினொரு பேர் முன்னால், எழுந்து நின்று சொன்னேன். செட்டு கேட்காமல் போனதற்குக் காரணம் நான்தான். நான் கட்டின துணி. ஒரு மாதமாக உங்கள் உயிரை வைத்து விளையாடியிருக்கிறேன். இந்த நோட்டின் முன்பக்கத்திலேயே எழுதச் சொன்னேன், எழுதினார்கள்.

முதலில் வாயைத் திறந்தது ராணிதான்: “அத்தே, எங்க வூட்டு டிவி ரிமோட்டும் எடுக்கல. நீ எதாவது கட்டினியா?”

ஒரே சிரிப்பு. முனியம்மா சிரிக்கவில்லை. கிளம்பும்போது கையைப் பிடித்தாள். “என்னத் தூக்கிகினு நடந்தவ நீ. துணியாம், பெருசா.”

தூக்கம் வராது இன்று. வந்தாலும் விடமாட்டேன், நாளைக்குப் பேசவேண்டியதை யோசிக்கணும்.


வைகாசி 17, திங்கள்



பதினொன்றரைக்கு மே. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, மாப்பிள்ளை மாதிரி முன் சீட்டில். நடுவில் நான். செல்வி ஓட்டினாள். கண்ணாடியில் மஞ்சள் துணியைப் பார்த்து, “இது இங்க வந்துடுச்சா? கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன்” என்றார். ஊர் வேகம்.

“நானே சொன்னதுதான் மேஸ்திரி. ஒங்களுக்கு மெனக்கெட வேணாம்னு.”

இரண்டாவது மதகு. முனியம்மா கணீர். மே. மதகைத் திரும்பிப் பார்த்தார்.

ரோட்டு குடோன். இங்கேதான் பந்தயம். நான் அழுத்தினேன்.

“முனியம்மா, கேக்குதா?”

“கேக்குது. மேஸ்திரி ஒக்காந்திருக்காரா? வணக்கம் சொல்லு. போன வருஷம் என்னப் பாக்க ஆஸ்பத்திரிக்கு வரல, அதயும் சொல்லு. அவ்ளோதான்.”

செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. மே. காது சிவந்துவிட்டது. “இன்னும் கொஞ்சம் தள்ளிப் போம்மா” என்றார்.

“குடோனுன்னுதான பேச்சு?”

“பயமா இருக்குதா?”

“செல்வி, போடி.”

கடைத்தெரு தாண்டி, பெரிய ரோட்டில் ஏறி நிறுத்தினோம். அழுத்தினேன். பதில் இல்லை. மறுபடி. இல்லை. செட்டில் சும்மா காற்று. செல்வி என்னைப் பார்க்கிறாள். நான் துணியைப் பார்க்கிறேன். மே. கையை நீட்டி மைக்கை என் கையிலிருந்து எடுக்க வந்தார். “சரி, பாத்தாச்சு. என்ன எறக்கிடுங்க.”

“கைய எடுங்க.”

“தனம்மா...”

“எடுங்கன்னேன். அவ பேசுவா.”

பேசினாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

“ராணி வுழுந்துட்டா. நெழலுக்கு இழுத்துகினு வந்துட்டோம். தண்ணி ஊத்தறோம், கண்ணு சொருவுது. வண்டி அனுப்புங்க. அவ்ளோதான்.”

செல்வி எப்போது திருப்பினாள் என்று தெரியாது. வரப்புப் பாதையில் வண்டி எகிறியது. நான் மைக்கை விடவே இல்லை, துணிய நனை, கழுத்துல போடு, அக்குள்ல போடு, வந்துட்டோம், மதகு வந்துட்டோம் என்று கத்திக்கொண்டே. ஒவ்வொன்றுக்கும் முனியம்மா “சரி” என்றாள். போன வருஷம் வரப்பில் நடக்கும்போது எனக்குப் பதில் சொல்ல யாருமே இல்லை.

மே. ராணியைத் தானே தூக்கி ஏற்றினார், அதையும் எழுதுகிறேன், பொய் சொல்லக்கூடாது. துண்டை நனைத்து அவள் தலையில் போட்டதும் அவர்தான். முனியம்மாவும் சுருண்டு கிடந்தாள் ஷெட்டுக்குள். அந்த வெயிலில் ஓடிப்போய் ராணியை இழுத்தது அவள்தான். அதனால்தான் பதில் வரவில்லை. இரண்டு பேரையும் ஏற்றினோம்.

நர்ஸம்மா டிரிப் ஏற்றினார். மூன்று மணிக்கு ராணி கண்ணைத் திறந்து, “ரிமோட்” என்றாள். நான் அழுதேன். முனியம்மா பக்கத்துக் கட்டிலில், “பசிக்குது” என்றாள்.

வராந்தாவில் மே. மெதுவாக: “எல்லாம் சரி தனம்மா. ஆனா மூணாவது தடவ கூப்ட ஒடனே பதில் வரலியே. அதையும் பாக்கணுமில்ல.”

“மூணாவது தடவ அவ வெயில்ல நின்னா மேஸ்திரி. நீ வண்டில ஒக்காந்திருந்த.”

நீ என்று சொல்லிவிட்டேன். திருத்தவில்லை.


வைகாசி 18, செவ்வாய்

மேகம் கொஞ்சம். காற்று கடலிலிருந்து.

கோயிலுக்குப் போய் பதினெட்டு அகல் ஏற்றினேன். செல்வி எண்ணினாள், சிரித்தாள். சிரிக்கட்டும். அகல் என் கணக்கு.

ராணி வீட்டில் இருக்கிறாள், ஒரு வாரம் வெளியே விடமாட்டேன். முனியம்மா காலையிலேயே ஷெட்டுக்குப் போய்விட்டாள். போகாதே என்றேன். “செட்டு சும்மா கெடக்குமா?”

பத்து மணிக்கு மே. ஆள் அனுப்பினார். அவர் நேரில் வரவில்லை. லோடு எங்கள் வண்டிக்கே. அவருடைய லாரிக்கும் ஒரு செட்டு மாட்டணுமாம், அந்தப் பக்கத்துப் பாத்தி ஆண்களுக்கும் டவர் எடுப்பதில்லையாம். கேபிள் எத்தனை அடி வாங்கணும் என்று அத்தையைக் கேட்டு வரச் சொன்னாராம்.

சொல்லி அனுப்பினேன்: “எங்கருந்து எங்க எட்டணுமோ அவ்ளோ போதும். ஆனா ஆன்டெனா நிக்கற எடத்துல பெயின்ட சொரண்டிட்டு இரும்பு தெரியற வரைக்கும் அவரே ஒக்காந்து தேய்க்கணும். ஆள் வெச்சித் தேய்க்கக் கூடாது. புளி நான் தர்றேன்.”

புளி கால் கிலோ வாங்கணும்.